அம்மம்மான்ரை 28கே கைமிசினுக்கு ஷட்டில் தேடுறன், கிடைச்சால் எப்பிடிப் பொருத்திறது?

பறாளாயான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கடை வீட்டிலை அம்மம்மான்ரை தையல் மிசின் ஒண்டு கிடக்கு. கையாலை சுத்திற சின்னச் சிங்கர், வளைஞ்ச மரமூடியோடை. தொடர் இலக்கம் Y (வை) எழுத்திலை துவங்குது. போன மாசம் பெயின்ற் அடிக்க அலுமாரியளை இழுத்தேக்கைதான் திரும்பக் கண்ணிலை பட்டது. பெரிசாக் குறைவில்லை, கீழ் நூல் பொபினை வைச்சுக்கொண்டு ஓடுற ஷட்டில் மட்டும் இல்லை.

ஏன் இல்லை எண்டதைச் சொல்லிப்போடுறன், ஏனெண்டால் "வீட்டிலை வடிவாத் தேடிப் பாரும்" எண்டு ஆரும் மறுமொழி போடுவீங்கள். தேடிப் பிரியோசனமில்லை. அது நாவற்குழிப் பாலத்துக்கும் கைதடிக்கும் இடையிலை எங்கையோ கிடக்கு.

95 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்விலை நாங்களும் வெளிக்கிட்டம். எனக்கு ஆறு வயசு, சைக்கிளின்ரை முன் பாரிலை நான். கரியரிலை அரிசியும் பாயும். மிசினை ஏத்த இடமில்லை. அம்மம்மா அதைப் பழைய சீலையாலை சுத்தி அலுமாரிக்குப் பின்னாலை தள்ளிப்போட்டு, ஷட்டிலை மட்டும் கழட்டிச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சவ. அவ அதை "மீன்" எண்டுதான் சொல்லுறவ. "மீன் இல்லாமல் ஒருத்தரும் இதிலை தைக்கேலாது, களவெடுத்தாலும் பிரியோசனமில்லை" எண்டது எனக்கு நல்ல ஞாபகம். மழை, சனம், பாலத்திலை ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். விடியக் கைதடியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை முடிச்சைப் பார்த்தால் அவிழ்ந்து போச்சு. 96 இலை திரும்பி வந்தம். கூரையிலை ஓடு இல்லை, கதவு இல்லை, கிணத்து வாளிகூட இல்லை. மிசின் மட்டும் வைச்ச இடத்திலையே இருந்தது. அவ சொன்னது சரி, ஆரும் எடுக்கேல்லை. எங்களாலையும் தைக்கேலாமல் போச்சு.

இப்ப மிசின்ரை நிலைமை. பெரிய சில்லு கால்வாசி சுத்தி நிண்டுடும். உள்ளை எண்ணெய் மஞ்சளாப் பிசின் மாதிரி உறைஞ்சிருக்கு. பொபின் சுத்திற சின்னச் சில்லின்ரை றப்பர் வளையம் கல்லாப் போச்சு. முகத்தகட்டு ஆணி ஒண்டு பிழை, ஆரோ முந்தித் தடிச்ச ஆணியைப் போட்டு இறுக்கியிருக்கினம். பொபின் ஒண்டே ஒண்டு, நீளமானது, குச்சி மாதிரி.

ரவுணிலை ஒரு கடையிலை காட்டினன். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவுமில்லை, "உது ஷோவுக்குத்தான் சரி, தாறதெண்டால் ஐயாயிரம் தாறன், கொழும்பிலை சாப்பாட்டுக் கடைக்காரர் அலங்காரத்துக்கு வாங்கீனம்" எண்டார். அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்து நான் பெட்டியை மூடிக்கொண்டு வந்திட்டன்.

கேள்வி ரெண்டுதான். ஷட்டில் எங்கை எடுக்கலாம்? எடுத்தால் அப்பிடியே போட்டுத் தைக்கலாமோ, இல்லை வேலை இருக்கோ?

---

யாழ்மைந்தன் எழுதியது:

ப்ரோ, புது மிசின் தவணைக்கே எடுக்கலாமே. ஏன் இவ்வளவு பாடு?

---

கோண்டாவில் மாமா எழுதியது:

மேலை எழுதின தம்பிக்கு மறுமொழி இல்லை.

பறாளாயான் தம்பி, நான் 40 வருசமா மிசின் திருத்திறன், இப்ப கண்தான் கொஞ்சம் மோசம். முதல் ஒரு சந்தேகம் தீர்ப்பம். 28 எண்டு உமக்கு ஆர் சொன்னது? பொபின் சுத்திற சின்னச் சில்லைப் பாரும். அது கீழை, அடித்தட்டுக்குக் கிட்ட இருந்தால் 28. மேலை, பெரிய சில்லுக்குப் பக்கத்திலை தூக்கி வைச்சிருந்தால் 128. 128 இலை ஒரு பொத்தானை அமத்த ஷட்டில் தலையைத் தூக்கும், 28 இலை விரலாலை கிளப்ப வேணும். புது ஷட்டில் விக்கிறவை ரெண்டுக்கும் ஒண்டைத்தான் தருவினம், அதிலை குழம்ப வேண்டாம். கே எண்டது ஸ்கொட்லாந்திலை கிளைட்பாங்க் எண்ட ஊரிலை இருந்த கில்போவித் தொழிற்சாலை. வை எழுத்தெண்டால் 1920களுக்கும் 30களின்ரை முதல் பாதிக்கும் இடையிலை வந்தது. அந்தத் தொழிற்சாலை 1980 இலை பூட்டியாச்சு, கொம்பனிச் சாமான் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருக்காதையும்.

எங்கடை ஊரிலை எல்லா வீட்டிலையும் கிடக்கிறது சிங்கர் 15 சாதி, வட்டப் பொபின் இடப்பக்கத்தாலை போடுறது. யுத்தத்துக்குப் பிறகு யப்பான்காரன் அதைத்தான் கொப்பியடிச்சவன், பேந்து சீனாக்காரன். அதாலை 15க்குப் பொபின் கேஸ் சுன்னாகத்திலையும் வாங்கலாம், சங்கானையிலையும் வாங்கலாம். நீர் வைச்சிருக்கிற ஷட்டில் மிசினை அப்பிடி ஆரும் பெருவாரியாச் செய்யேல்லை. கொழும்பிலை புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலை பழைய சாமான் தட்டிப் பார்க்கலாம், எனக்குக் கடைசியா அங்கை ஒண்டு கிடைச்சது எத்தினையோ வருசத்துக்கு முந்தி. வெளிநாட்டிலை சொந்தக்காரர் இருந்தால் அவையளைப் பிடியும், அதுதான் கெதியான வழி. பொபினும் சேர்த்துக் கேளும், 8228 எண்ட இலக்கத்திலை வரும். சின்னச் சில்லு வளையம் 15287. ஆனால் வளையத்துக்குக் காசு செலவழியாதையும். தண்ணிக்குழாய்ச் சாமான் விக்கிற கடைக்குப் பழைய வளையத்தைக் கொண்டுபோய் அந்த அளவிலை ஓ-றிங் எடும். நான் பொருளாதாரத் தடைக் காலத்திலை சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டுத்தான் வேலை செய்தனான், ஒரு வருசத்துக்குக் குறையாமல் இருக்கும்.

ஷட்டில் வரமுதல் மிசினை இளக்கி வையும். உந்த மஞ்சள் பிசின் தேங்காய் எண்ணெய். மிசின் ஒயில் இல்லாத நாளிலை எல்லாரும் விட்டது அதுதான், நானும் விட்டிருக்கிறன். காய்ஞ்சால் வார்னிஷ் மாதிரி. மண்ணெண்ணெயும் மிசின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து, எண்ணெய் விடுற ஓட்டையள் எல்லாத்துக்கும் ரெண்டு துளி. பிறகு முத்தத்திலை வெய்யிலுக்கை வையும். இரும்பு சூடானால் பிசின் இளகும். சித்திரை வெய்யில் எண்டால் ஒரு மணித்தியாலம் காணும். ஆட்டும், திரும்ப விடும், திரும்ப வையும். மூண்டு நாள் போகட்டும். சில்லைப் பலவந்தமாச் சுத்தாதையும், உள்ளை இருக்கிற வார்ப்பு நெம்பு முறிஞ்சால் பேந்து நான் என்ன, ஸ்கொட்லாந்துக்காரன் வந்தாலும் சரிவராது. பொன் பூவேலைக்கு மேலை மண்ணெண்ணெய் படாமல் பாரும். ஆஸ்பத்திரி ஸ்பிறிற் கிட்டவும் கொண்டு போகாதையும், மேலை பூசின ஷெல்லாக் கரைஞ்சு பூ வெளிறிப் போம்.

ஆணி கழட்டிறதுக்கு முதல் ஸ்குறூ டிறைவரைப் பாரும். கடை டிறைவரின்ரை நுனி ஆப்பு மாதிரி, அடியிலை மெல்லிசு மேலை தடிப்பு. சிங்கர் ஆணியின்ரை வெட்டு நேர்ச் சுவர். ஆப்பு நுனி மேல் விளிம்பிலைதான் பிடிக்கும், திருப்பினவுடனை வழுக்கி ஆணித்தலை பிஞ்சிடும். அரத்தாலை நுனியின்ரை ரெண்டு பக்கமும் சமமா ராவி, வெட்டின்ரை அடிவரைக்கும் போய் நிக்கிற மாதிரிச் செய்யும். போட்டால் ஆடக்கூடாது. என்னட்டை அப்பிடி ராவின டிறைவர் பதினொண்டு இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆணிக்கு. மனிசி அதை எடுத்துப் பெயின்ற் ரின் திறந்தால் வீட்டிலை சண்டை.

முகத்தகட்டு ஆணி. உதிலை இருக்கிறது மில்லிமீற்றர்ப் புரியும் இல்லை, சைக்கிள் புரியும் இல்லை. மிசின் ஆணிப் புரி தனிச் சாதி. அனேகமான சின்ன ஆணி அங்குலத்திலை 64 இலை 9 பங்கு தடிப்பு, அங்குலத்துக்கு 40 புரி. 3.57 மில்லி வரும். கடையிலை எடுக்கிற மூண்டரை மில்லி ஆணி ரெண்டு சுத்து சும்மா போகும், பிறகு மெல்ல இறுகும். "ஆ, பொருந்துது" எண்டு ஆக்கள் திருப்பி இறுக்கிறது அதிலைதான். உமக்கு முந்தி ஆரோ நாலு மில்லியே அடிச்சிருக்கினம் போலை. போன புரி போனதுதான். இனி அந்த ஓட்டைக்கு நாலு மில்லி ஆணி, தலையை மட்டும் பழைய ஆணியைப் பார்த்துக் கடைஞ்சு தரச்சொல்லிக் கடைசல்காரரிட்டைக் கேளும்.

இனி ஷட்டில். அப்பிடியே போட்டுத் தைக்கலாமோ எண்டு கேட்டீர். சில வேளை தைக்கும். அனேகமா நூலை அறுக்கும்.

புதுசு கையிலை வந்தவுடனை செய்யிறது இது. கொஞ்சம் பஞ்சை எடுத்து முனையிலை இருந்து பின்பக்கமா மெல்லத் தடவும், பேந்து விளிம்பு முழுக்கத் தடவும். எங்கை ஒரு நார் கொழுவுதோ அங்கை பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும். அந்த இடத்தை 1000 எமறித் தாளாலை எண்ணெய் தொட்டுத் தேய்ச்சு, பிறகு பிறாசோ போட்டுத் துணியாலை பளபளக்கப் பண்ணும். முனையைக் கூராக்காதையும். முனை சுத்தமா, வழுவழுப்பா, இருந்த வடிவிலை இருக்க வேணும். கூர் ஊசியாப் போனால் மேல் நூல் விரியிற கண்ணிக்குள்ளை போறதுக்குப் பதிலா நூலைக் குத்திப் பிளக்கும்.

அடுத்தது, ஷட்டிலை அதின்ரை தொட்டிலிலை, அதாவது மிசினிலை அதைத் தாங்கிற பிடியிலை, வைச்சு விரலாலை ஆட்டும். மெல்லிசா ஆடி, "டிக் டிக்" எண்டு சத்தம் கேட்க வேணும். மேல் நூல் ஷட்டிலைச் சுத்தி வந்து, ஷட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடையிலைதான் நழுவி வெளியிலை வருது. இறுக்கமா இருந்தால் நூலுக்கு வழியில்லை. இப்ப வாற சில ஷட்டில் ஒரு மயிரளவு பருமன். தேய்க்க வேண்டி வந்தால் ஷட்டிலைத் தேயும், தொட்டிலைத் தொடாதையும். புதுசு பிழைச்சால் இன்னொண்டு வாங்கலாம். தொட்டில் பிழைச்சால் அலங்காரக் கடைக்காரரின்ரை ஐயாயிரத்தை வாங்கவேண்டியதுதான்.

கடைசியா நூலின்ரை இழுவை. பொபினைப் போட்டு, நூலைத் தகட்டு வில்லுக்குக் கீழாலை எடுத்து, நூலிலை ஷட்டிலைத் தொங்கவிடும். தானா இறங்கக்கூடாது. கையை ஒருக்கால் வெட்டி இழுத்தால் ஒரு அங்குலம் இறங்கி நிக்க வேணும். இறங்கிக்கொண்டே போனால் சின்ன ஆணியைக் கால் சுத்து இறுக்கும், கால் சுத்துக்கு மேலை இல்லை. அந்த ஆணி வெள்ளைத் துணி விரிச்ச மேசைக்கு மேலைதான் கழட்ட வேணும். சீமெந்து நிலத்திலை விழுந்த ஒண்டை நான் இண்டைக்கும் தேடிக்கொண்டிருக்கிறன். தகட்டு வில்லு உடைஞ்சு வந்தால் எறியாதையும், நகை செய்யிற பத்தர் ஆரிட்டையும் கொண்டுபோம். பழைய மணிக்கூட்டு வில்லிலை வெட்டி, சூடு காட்டி வளைச்சுத் தருவினம். எனக்குச் செய்து தந்தவர் இப்ப இல்லை.

---

ஸ்கார்பரோ ராசாத்தி எழுதியது:

தம்பி, நான் வேலணை, இப்ப கனடா. உங்கடை பாலத்துக் கதையை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத மனம் வரேல்லை. நாங்கள் கொண்டுபோனது ஒரு அம்மிக் குழவி. ஏன் எண்டு அம்மாவுக்கே தெரியாது.

இஞ்சை பழைய சாமான் விக்கிற வீட்டு விற்பனையளிலை உந்த மிசின் அடிக்கடி வரும், முழு மிசினே மலிவு. ஈபேயிலை ஷட்டில் தனியாவும் இருக்கு. ரெண்டு விதம் வரும். ஒண்டு பழைய மிசினிலை இருந்து கழட்டினது, மற்றது புதுசாச் செய்தது. நான் பழசைத்தான் எடுப்பன், ஆனால் படத்திலை முனையைக் கிட்டவாக் காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் எடுப்பன். முனை மழுங்கினதைச் சனம் வெக்கமில்லாமல் விக்கினம். "27, 28, 127, 128" எண்டு நாலு இலக்கமும் போட்டிருந்தால் சரி. வட்டமா இருக்கிறதைப் பார்த்து ஏமாறாதேங்கோ, அது 66 எண்ட வேறை சிங்கருக்கு.

எங்கடை மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறா. கொடியேறமுதல் அங்கை நிப்பா. விருப்பமெண்டால் ஒண்டு பார்த்து வாங்கி அவவிட்டைக் குடுத்துவிடுறன், பொபின் அஞ்சாறும் வைச்சுவிடுறன். காசு வேண்டாம். தைச்சுப்போட்டுப் படம் போடுங்கோ.

---

பட்டறை வாத்தி எழுதியது:

மாமா சொன்னதிலை முக்கால்வாசிக்கு நான் கைதட்டுறன். ஆனால் ஒரு இடத்திலை வாசிக்கிறவை பிழையா விளங்கப் போகினம். "ஒவ்வொரு மிசினுக்கும் ஷட்டில் தனி" எண்டு ஒரு நம்பிக்கை எங்கடை ஆக்களிட்டை இருக்கு. 1920களிலை வந்த மிசினுக்கு அது பொருந்தாது.

சங்கதி இதுதான். ஒண்டின்ரை பாகத்தை மற்றதிலை கழட்டிப் போடலாம் எண்ட ஏற்பாடு அமெரிக்காவிலை துவக்கு (துப்பாக்கி) செய்யிற தொழிற்சாலையளிலை இருந்து வந்தது. அளவுக் கருவி, அச்சு, விசேட இயந்திரம் எல்லாம் அங்கை வளர்ந்ததுதான். வில்கொக்ஸ் அன்ட் கிப்ஸ் மிசினை பிறவுண் அன்ட் ஷார்ப் கொம்பனி அந்த முறையிலைதான் செய்தது. சிங்கர்காரர் அப்பிடி இல்லை, கனகாலம் அரம் பிடிச்ச ஆக்களை வரிசையா இருத்தி ராவி ராவித்தான் பூட்டினவை. 1880கள் மட்டும் அதுதான் கதை. பாகத்துக்குப் பாகம் இலக்கம் அடிச்சு வைச்சதும் கலந்திடக்கூடாது எண்டுதான். பழைய ரிவோல்வருகளிலையும் சட்டம், உருளை, காப்பு எண்டு எல்லாத்திலையும் ஒரே இலக்கத்தை அடிச்சிருப்பினம், காரணமும் ஏறக்குறைய அதுதான். சிங்கர்காரரே பிறகு 1911 ரக கைத்துவக்கு 500 செய்து குடுத்தவை, இரண்டாம் உலக யுத்த நேரம். இண்டைக்கு அது சேகரிக்கிற ஆக்களிட்டை யானை விலை.

தம்பியின்ரை மிசின் வரேக்கை அந்தக் காலம் முடிஞ்சுது. தொழிற்சாலையிலை இருந்து வந்த ஷட்டில் எதுவும் அதிலை போய் இருக்க வேணும். இருக்கேல்லை எண்டால் ஒண்டு தேய்மானம், அல்லது இப்ப செய்யிறவன்ரை கவனக்குறைவு. ஆகவே ராசாத்தி அக்கா சொன்ன மாதிரிப் பழைய அசல் ஒண்டு எடுத்தால் எமறித் தாள் தேவைப்படாது எண்டது என்ரை எண்ணம்.

---

கோண்டாவில் மாமா எழுதியது:

வாத்தியார் சொல்லுறது புத்தகப்படி சரி. ஆனால் ஒரு தொட்டில் எழுவது வருசம் ஒரு ஷட்டிலோடை ஓடினால் அந்த ஷட்டிலின்ரை வடிவத்துக்கே தேய்ஞ்சு போகும். அசலே வந்தாலும் அது வேறை வீட்டிலை தேய்ஞ்ச அசல். பஞ்சாலை தடவிப் பார்க்கக் காசா, பணமா?

துவக்குக் கதையைக் கொஞ்சம் குறையும் வாத்தியார். பாகத்தின்ரை பேரைச் சொன்னாலே முந்தி எங்களைக் கூப்பிட்டு விசாரிச்சவை.

---

சுன்னாகம் தையலக்கா எழுதியது:

எல்லாரும் ஷட்டிலைப் பற்றித்தான் கதைக்கிறியள். நான் சொல்லுறது ஊசி. இப்ப தையல் சாமான் கடைக்குப் போய் "மிசின் ஊசி தாங்கோ" எண்டால் பெடியன் கையிலை அகப்பட்டதைத் தருவான். கார்மென்ற் மிசினுக்குப் போடுற ஊசியின்ரை தண்டு உருண்டை. வீட்டு மிசின் ஊசித் தண்டிலை ஒரு பக்கம் தட்டை. உங்கடைக்கு வேண்டியது தட்டை, 15x1 எண்டு கேளுங்கோ, சில பெட்டியிலை 130/705 எண்டும் இருக்கும், ரெண்டும் ஒண்டுதான். பருத்தித் துணிக்கு 14ஆம் நம்பர். தட்டைப் பக்கம் ஷட்டில் ஓடுற பக்கத்தைப் பார்க்க வேணும், நூல் மற்றப் பக்கத்தாலை கோக்க வேணும். இதை மாத்திப் போட்டுவிட்டு மிசின் பழுதெண்டு வாற பிள்ளையள் மாசத்துக்கு ரெண்டு பேர்.

இன்னொண்டு, பழைய இரும்பு எடுக்கிற ஆக்களிட்டை ஒருக்கால் விசாரியுங்கோ. யுத்தம் முடிஞ்ச கையோடை எவ்வளவு மிசின் தலையள் லொறியிலை போனது! எனக்கு ஒருக்கால் அப்பிடி ஒரு 28 தலை நிறைக்குத்தான் கிடைச்சது. அதிலையும் மீன் இல்லை. அம்மம்மா மாதிரி யோசிச்ச ஆக்கள் கனபேர் போலை.

---

பறாளாயான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுறன்.

மாமா, சில்லு கீழைதான், 28தான். மூண்டு நாள் எண்டியள், எனக்கு ஒன்பது நாள் பிடிச்சுது. எட்டாம் நாள் மத்தியானம் வெய்யிலுக்கை இருந்து எடுத்துச் சுத்தேக்கை "கிறீக்" எண்டு ஒரு சத்தம். முறிஞ்சு போச்செண்டு பயந்திட்டன். பார்த்தால் முழுச்சுத்துச் சுத்துது. உள்ளை துடைச்ச துணி தேன் மாதிரி மஞ்சள். மணமும் தேங்காய் எண்ணெய்தான், முப்பது வருசப் பழசு. ஊசித் தட்டுக்குக் கீழை, துணியைத் தள்ளுற பல்லுகளுக்கு இடையிலை நீலப் பஞ்சு உறைஞ்சிருந்தது. அம்மா கையிலை எடுத்து உருட்டிப் பார்த்திட்டு, இது தன்ரை பள்ளிக்கூடத்து விளையாட்டுப்போட்டிச் சட்டை, நீல இல்லம் எண்டா.

ஷட்டில் வந்திட்டுது. ராசாத்தி அக்கா, மச்சாள் தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் கொண்டுவந்து தந்தவ, பொபின் ஆறும் இருந்தது. அசல்தான், பின்பக்கம் மெல்லிசாக் கீறல். பஞ்சாலை தடவினன். வாத்தியார் மன்னிக்கோணும், ஒரு இடத்திலை நார் கொழுவினது. முனையிலை இல்லை, வயிற்று விளிம்பிலை. எமறி போட்டன். தொட்டிலிலை வைக்க "டிக் டிக்" கேட்டது. தொங்கவிட்டன், ஒரு அங்குலம் இறங்கி நிண்டது. முகத்தகட்டு ஆணி கடைசல்காரர் பித்தளையிலை கடைஞ்சு தந்தார். நிறம் வேறை, வேலை சரி.

இப்ப பிரச்சினை. தைக்குது, ஆனால் ஏழெட்டுத் தையலுக்கு ஒருக்கால் ஒண்டைத் தவறவிடுது. நூலை மாத்திப் பார்த்தன், இழுவையை மாத்திப் பார்த்தன். ஷட்டில் முனை ஊசிக்கு எட்டேல்லையோ?

---

கோண்டாவில் மாமா எழுதியது:

ஊசி என்ன ஊசி?

---

பறாளாயான் எழுதியது:

புதுசுதான் மாமா, 14ஆம் நம்பர்.

---

கோண்டாவில் மாமா எழுதியது:

நம்பர் கேட்கேல்லை. கழட்டித் தண்டை விரலுக்கிடையிலை உருட்டிப் பாரும். உருளுதோ?

---

பறாளாயான் எழுதியது:

உருளுது.

---

சுன்னாகம் தையலக்கா எழுதியது:

நான் எழுதினதை வாசிக்காமல்தான் கடைக்குப் போனனீங்களோ?

---

கோண்டாவில் மாமா எழுதியது:

அவவிட்டைப் பேச்சு வாங்கினது காணும், நான் பேசேல்லை. உருண்டைத் தண்டு 1.6 மில்லி, தட்டைத் தண்டு 2 மில்லி. மெல்லிசுத் தண்டு பிடிக்குள்ளை ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்கும், ஷட்டில் முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி கூடிப்போம். அந்த இடைவெளி ஒரு தாள்த் தடிப்புத்தான் இருக்க வேணும். ஊசி அடிக்குப் போய் ரெண்டு மில்லி அளவு எழும்பேக்கை நூல் கண்ணியா விரியும், அந்த நேரம் முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலாலை உரசாமல் போகோணும். சில்லைக் கையாலை மெல்லச் சுத்திக்கொண்டு குனிஞ்சு பாரும், கண்ணி விரியிறது தெரியும். சரியான ஊசி போட்டும் தவறவிட்டால் ஊசித்தண்டின்ரை உயரம் பார்க்க வேணும், அதை நீர் தொடாமல் இஞ்சை கொண்டுவாரும். சைக்கிளிலை கட்டிக்கொண்டு வராதையும்.

---

பறாளாயான் எழுதியது:

கொண்டுவரத் தேவைப்படேல்லை. தட்டை ஊசி போட்டன், அக்கா சொன்ன பக்கம் பார்த்துப் போட்டன், ரெண்டு முழம் தைச்சும் ஒண்டும் தவறேல்லை.

படம் கேட்டிருந்தீங்கள் ராசாத்தி அக்கா. கீழை இருக்கிறது அம்மா தைச்ச தலையணி உறை, கோணலுக்குக் காரணம் துணியை நான் பிடிச்சது. இப்ப மிசின் முன் விறாந்தையிலை இருக்கு. இரவிலை படுக்கமுதல் அம்மா ஷட்டிலைக் கழட்டித் தன்ரை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுறா. நான் ஒண்டும் கேட்கேல்லை.

ஆரிட்டையும் 28ன்ரை ஷட்டிலை மூடுற முன் வழுக்குத் தகடு மேலதிகமா இருந்தால் சொல்லுங்கோ. எங்கடையிலை ஒரு மூலை கறள் திண்டிட்டுது, துணி கொழுவுது.